கழிமுகத்துத் தூண்டில் – 11: விழுகிற வேகம்

கொடுவா இரையை எடுப்பது பெரும்பாலும் அது விழும்போதுதான். முழங்கால் அளவிலிருந்து நெஞ்சளவு வரை தண்ணீர் நிற்கிற கழிமுகத்தில் இதை மறந்துவிட்டு எவ்வளவு விலையுள்ள ராடு வாங்கினாலும் பயனில்லை. புன்னைக்காயல் பக்கம் மாலையில் லூர் வீசுகிற இளைஞர்களைக் கவனித்திருக்கிறேன். வீச்சு அருமையாக இருக்கிறது. அலையாத்திச் செடியின் காலடியில், விரும்பிய இடத்தில் லூர் போய் விழுகிறது. விழுந்த மறுகணமே ரீல் சுற்றத் தொடங்கிவிடுகிறார்கள். மீன் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று விநாடிகள் அங்கேயே வீணாகின்றன. இந்த வாரம் அந்த விநாடிகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் தண்ணீர் ஏன் இவ்வளவு ஆழமில்லாமல் கிடக்கிறது என்று பார்ப்போம். சாகுபுரத்து ரசாயன ஆலையையும் அதைச் சுற்றிய உப்பளங்களையும் விட்டு வடக்கே ஆத்தூர் வந்து, வலப்பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் புன்னைக்காயல். பொதிகையில் பிறந்த தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேர்வது இங்கேதான். வரும் வழியெல்லாம் அள்ளிய வண்டலை அது இங்கே கொட்டுகிறது. கொட்டிக் கொட்டியே தன் கரைத் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் தூர்த்த ஆறு இது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த ஊர். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியந்து எழுதிய காயலைப் பழையகாயல் என்று பலரும் சொல்கிறார்கள். அங்கும் இப்போது கப்பல் வராது. அதன் பிறகு போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் ஊன்றியது புன்னைக்காயலில். கப்பல்களை விரட்டிய அதே வண்டல்தான் இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும் தொட்டில் கட்டியது. அவற்றைத் தேடிக் கொடுவா வருகிறது.

கடல் ஏற்றவற்றமும் இங்கே சிறியது. தூத்துக்குடிக் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்திலோ வங்காளத்திலோ மீன் பிடித்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் மூன்றடித் தண்ணீரில் ஓரடி வற்றினாலே இடமே மாறிவிடும். செடி வேர்களுக்குள் ஒளிந்திருந்த இறால் வாய்க்காலுக்கு வர வேண்டியிருக்கும். வாய்க்கால் ஆற்றோடு சேரும் மூலையில், நீவாடு (நீரோட்டம்) முகத்தில் படும்படி கொடுவா நின்றுகொண்டிருக்கும். துரத்தி வேட்டையாட அது பாறை மீனோ ஊளியோ அல்ல. ஒளிந்து நிற்கும், அருகில் வந்ததும் வாயைத் திறக்கும். திறக்கிற வேகத்தில் வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, இரை தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இழுபடும். மேல்மட்டத்தில் இது நடந்தால் ‘டொப்’ என்று சத்தம் கேட்கும். இரவில் உப்பங்கழி ஓரம் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

உறிஞ்சிச் சாப்பிடுகிற இந்த மீனுக்குக் கனமான ஈயம் கட்டி, நூலையும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? அது உறிஞ்சும்போது தண்ணீர் போகும், ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) போகாது. மேலே ஒரு சின்ன ‘டிக்’ தெரியும், மீன் இருக்காது. லேசான ஜிக், சற்றே தளர்ந்த நூல் என்றால் இறாலைப் போலவே அது உள்ளே போய்விடும். மெதுவாக விழ வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் பார்வை. மழைக்குப் பிறகு ஆறு காவி நிறத்தில் வரும்போது கொடுவாவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. கண் முன்னே ஒரே மூச்சில் கடந்துபோவதை அது விட்டுவிடும். தயங்கித் தயங்கி இறங்குவதைத்தான் எடுக்கும்.

சரி, மெதுவாக விழ என்ன செய்வது? எல்லோரும் சொல்வது, ஈயத்தைக் குறை என்று. அது பாதி உண்மைதான். ஈயம் தண்ணீரைப் போல் 11 மடங்கு கனம். 5 கிராம் ஈயக் குண்டை எதுவும் கட்டாமல் தண்ணீரில் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வேகத்தை எட்டிவிடும். மூன்றடித் தண்ணீரில் தரை தட்ட ஒரு விநாடி கூட வேண்டாம். குண்டைச் சிறிதாக்கினால் எடையோடு சேர்ந்து அதன் பரப்பும் குறைவதால் தண்ணீர் கொடுக்கிற தடையும் குறைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் குண்டின் எடையை எட்டில் ஒரு பங்காக்கினாலும் வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. எடை குறைய வேண்டும், தடை கூட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும். குஞ்சம் கட்டி, அகலமான வால் உள்ள ரப்பர் இறாலைக் கோத்த பிறகு தடை பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகிறது. அந்த நிலையில் ஈயத்தை நான்கில் ஒரு பங்காக்கினால் வேகம் பாதியாகும்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? அதை ஜப்பான்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்வேன். அங்கே கணவாய் பிடிக்க ‘எகி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தில் மரத்தில் செதுக்கிய இறால் அது. இப்போது பிளாஸ்டிக்கில் வார்த்துத் துணி சுற்றியது. அவற்றை விற்பவர்கள் எடையோடு விழும் வேகத்தையும் குறிப்பிடுகிறார்கள். சாதாரண எகி ஒரு மீட்டர் இறங்க மூன்று, மூன்றரை விநாடி எடுத்துக்கொள்ளும். ஆழமில்லாத இடத்துக்கென்று செய்தவை ஐந்து, ஆறு விநாடி. நம் மன்னார் வளைகுடாவில் வள்ளத்தில் உட்கார்ந்து கணவாய்த் தூண்டிலைக் கையாலேயே ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இந்த எண்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் விரலுக்கு அந்த வேகம் தெரியும். தூக்குவது ஒரு நொடி, இறங்க விடுவது நெடுநேரம். கணவாய் அணைப்பது இறங்கும்போதுதான். தூண்டிலில் இவ்வளவு நுட்பமான கை இந்தக் கரையில் ஏற்கெனவே இருக்கிறது. லூர் பிடிக்க வருகிற நம் இளைஞர்கள் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்ப்பதோடு ஒருநாள் அந்த வள்ளங்களில் கூடப் போய் உட்கார்ந்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இதை நான் மனதார நம்புகிறேன்.

கழிமுகத்துக் கொடுவாவுக்கு மீட்டருக்கு மூன்று, நான்கு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கிராம் ஜிக் தலை, நீரோட்டம் பலமாக இருந்தால் 5 கிராம். அதற்கு மேல் இந்த ஆழத்தில் தேவைப்படுவது அரிது. முள்ளில் சமரசம் வேண்டாம். தலை சிறிதாக இருந்தாலும் முள் தடித்த கம்பியாக இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கிற சிறிய ஜிக் தலைகளில் முள்ளும் மெலிதாகவே வருகிறது. கொடுவா ஒருமுறை தலையை உதறினால் நிமிர்ந்துவிடும். அதனால் பலர் தாங்களே வார்க்கிறார்கள். அப்படி வார்ப்பவர்கள் வீட்டுக்குள் ஈயம் உருக்க வேண்டாம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உருக்குங்கள். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஈயம் தெறிக்கும். குழந்தைகளைக் கிட்டவே விடக் கூடாது.

குஞ்சத்துக்குச் சேவலின் கழுத்து இறகு போதும். தடித்த நூலால் இறுகச் சுற்றுங்கள். இறகு தண்ணீரில் பிரிந்து நிற்பதால் தடை நன்றாகக் கிடைக்கும், ஜிக் அசையாமல் கிடக்கும்போதும் உயிர் இருப்பதாகத் தெரியும். ரப்பர் இரை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உப்புத் தூள் கலந்து செய்தவை சீக்கிரம் இறங்கும். மிதக்கும் வகை ரப்பர் உண்டு. அதைக் கோத்தால் தரையில் கிடக்கும்போது வால் மேல்நோக்கி நிற்கும், ஆபத்தைக் கண்ட இறால் நிமிர்வது போல. செய்து முடித்ததும் சோதிக்க ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கிற 200 லிட்டர் நீல டிரம் கிட்டத்தட்ட மூன்றடி உயரம். நூலோடு போட்டு, போனில் நேரம் பாருங்கள்.

நூலும் ஜிக்கை இறக்கும் அல்லது தாங்கும். பிரெய்டு தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தங்கூஸ் மெல்ல அமிழும். முள்ளுக்கு முன்னால் கட்டுகிற லீடருக்குப் பலரும் விரும்பி வாங்குகிற ஃபுளூரோகார்பன் மற்ற இரண்டையும்விடக் கனம். லேசான ஜிக்கின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஆழமான இடத்தில் அது நல்லது. இங்கே எனக்குத் தங்கூஸ் லீடர்தான் பிடித்திருக்கிறது. அதைத் தடிமனாகவே போடுங்கள். கொடுவாவுக்கு நறுக்கும் பல் இல்லை, ஆனால் செவுள் மூடியின் ஓரம் கத்தி. மெல்லிய நூல் அதில் ஒருமுறை உரசினால் போதும். தடித்த லீடர் தண்ணீரில் கூடுதல் தடை கொடுப்பதால் வேகமும் குறைகிறது. நமக்கு இரட்டை லாபம்.

இனி வீச்சு. நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், சற்று மேலே வீசி, ஓட்டமே ஜிக்கை மீன் நிற்கும் மூலைக்குக் கொண்டுவரும்படி விடுங்கள். தண்ணீரைத் தொட்டதும் ரீல் கைப்பிடியைத் தொடாதீர்கள். நூலை முழுக்க இறுக்கினால் ஜிக் நேராக விழாமல் உங்கள் பக்கம் ஊசலாக வந்துவிடும். வேர்களை ஒட்டி விழ வேண்டியது வெளியில் விழும். முழுக்கத் தளர விட்டால் கடி தெரியாது. நூலில் ஒரு சிறு தொய்வு இருக்கட்டும். அந்தத் தொய்வை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அது சட்டென்று நேராகலாம், பக்கவாட்டில் நகரலாம், அல்லது மூன்று எண்ணும்போது தரை தட்ட வேண்டிய ஜிக் இரண்டிலேயே நின்றுவிடலாம். மூன்றில் எது நடந்தாலும் மீன்தான். கையில் வெட்டு உணரும்வரை காத்திருப்பவர்கள் பாதி மீனை இழக்கிறார்கள். தரை தட்டிய பிறகு ராடு நுனியை ஒரு சாண் உயர்த்தி, மறுபடி விழ விடுங்கள். இழுப்பு அவ்வளவுதான்.

ஆடி மாதத்து மேல்காற்றில் இந்த முறை கெட்டுப்போகும். நூலின் தொய்வைக் காற்று பிடித்துக்கொண்டு ஜிக்கை மேலே தூக்கிவிடும். ராடு நுனியைத் தண்ணீரோடு தாழ்த்திப் பிடித்துப் பார்க்கலாம். அதுவும் சரிப்படாவிட்டால் அன்று வேறு தூண்டில் போடுவதே நல்லது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பழைய இடக் கணக்குகளை நம்ப வேண்டாம். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல், ஆத்தூர் என்று ஆற்றோரம் முழுக்க மூழ்கியது. உப்பளங்களும் தப்பவில்லை. அவ்வளவு வெள்ளம் போன ஆற்றுவாயில் மணல் மேடும் பள்ளமும் இருந்த இடத்தில் இருக்காது. வற்றிய நேரத்தில் நடந்து, வாய்க்கால்கள் இப்போது எங்கே வெட்டுகின்றன என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புது இடம் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு முதலான தீவுகளைச் சுற்றியிருப்பது 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் கூடாது.

ஒரு மீட்டரை நெருங்கும் கொடுவா மாட்டினால் அது ஏறக்குறைய நிச்சயம் பெண். இந்த மீன் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. பெரிய பெண் மீன் ஒன்று இலட்சக்கணக்கில் முட்டையிடும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்தது. குஞ்சு இன்று விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் தாமிரபரணிக்கு வரும் குஞ்சு இந்தக் கரையின் பெண் மீன்களிடமிருந்துதான் வர வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே எஞ்சியிருக்கிற ஆற்றில்தான் அவை வளர வேண்டும். சமையலுக்கு இரண்டு, மூன்று கிலோ மீன் போதும். பெரியதைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், ஒற்றை முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிறத்தைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. காவித் தண்ணீரில் கறுப்பு அல்லது கத்தரிப்பூ நிறம். நிழலுரு தெரிந்தால் போதும். தெளிந்த தண்ணீரில் இறாலின் மங்கிய பழுப்பு. இரண்டு நிறத்துக்கு மேல் வாங்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் 2 கிராம், 3 கிராம், 5 கிராம் தலைகளைத் தடித்த முள்ளோடு வாங்கி வையுங்கள். ஆற்றில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓட்டம் மாறும்போது மாற்ற வேண்டியிருப்பது அவற்றைத்தான்.