பழைய காருக்கு டயர்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்ப்பார்கள், சீட் கவரைப் பார்ப்பார்கள், ஏ.சி. குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார்கள். குனிந்து டயரைப் பார்ப்பவர்கள் குறைவு. விற்கப் போகிற வண்டிக்குப் புது டயர் போட யாருக்கு மனசு வரும்? அந்தச் செலவு வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

நாங்கள் வாங்கிய ஆல்டோவிலும் முன் டயர் இரண்டும் மொட்டை. “பட்டன் இன்னும் இருக்குதும்மா, ஆறு மாசம் தாராளமா ஓட்டலாம்” என்றார் மெக்கானிக். ஆனால் ஐப்பசி பிறக்க மூன்று வாரம்தான் இருந்தது. மழை நாளில் வேலப்பன்சாவடியிலிருந்து திருவேற்காட்டுக்குள் வருவதற்குள் எத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பின் சீட்டில் உட்காரப் போவது மாமியாரும் பிள்ளைகளும். நான்கு புது டயருக்குச் சுமார் 12,000 ரூபாய் வேண்டும். கையில் இருந்ததோ 7,000. மழைக்கு முன்னால் இதற்குள் முடித்தாக வேண்டும்.

மாற்ற வேண்டுமா, எப்படித் தெரியும்?

டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்கு அல்ல. ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அவைதான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும், பிரேக்கும் பிடிக்காது. புது டயரில் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காருக்கு 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி எல்லை. பிள்ளைகளின் ஸ்கேலே போதும், அளந்து விடலாம். பள்ளத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மேடுகள் குறுக்கே இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

தேய்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் புதுசும் அதே மாதிரி தேயும்.

டயருக்கும் வயசு உண்டு

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வெயிலில் கிடந்து கிடந்து ரப்பர் இறுகி, பொடிப் பொடியாக வெடிப்பு விடும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனால் வருஷா வருஷம் கடையில் காட்ட வேண்டும். பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு கடையில் மூன்று வருஷத்துச் சரக்கை எடுத்து வைத்தார்கள். திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம் என்று நம்மைச் சுற்றிலும் டயர் ஆலைகள் இருக்க, நமக்கு ஏன் பழசு? “புதுசு வந்ததும் சொல்லுங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

செகண்ட் ஹாண்ட் டயர் வேண்டாம்

“புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்குமே” என்றார் என் வீட்டுக்காரர். கிடைக்கும்தான். ஆனால் தேய்ந்த டயரில் பிளேடால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி வைப்பதும் உண்டு. வெட்ட வெட்ட ரப்பர் மெலிந்து, உள்ளே இருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். எத்தனை குழியில் விழுந்து எழுந்ததோ, அதையும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நான்கு பழசுக்குப் பதில் இரண்டு புதுசு மேல்.

இரண்டு மட்டும் வாங்கினால் எங்கே போடுவது?

மொட்டையானது முன் டயர்தானே, புதுசை அங்கேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். அது சரியில்லை. புது டயர் இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். பின்னால் இருந்த நல்ல டயர்கள் முன்னால் வர வேண்டும். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், பிடித்து நிறுத்துவது கஷ்டம். ஒரே அச்சில் இரண்டும் ஒரே சைஸ், ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும்.

பழைய டயரில் எழுதியிருக்கும் 145/80 ஆர் 12 போன்ற அளவையும், அதையடுத்து பாரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள எண்ணையும் எழுத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சம் பிடிக்க வழிகள்

* 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள். வாரன்டிக்கும் அதுதான் ஆதாரம்.

* இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். மாட்டுக்கூலி, வால்வு, பாலன்சிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

* கழற்றும் பழைய டயருக்கு ஒரு தொகை கழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

* பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம்!

எங்களுக்கு இரண்டு டயர், அலைன்மென்ட், பாலன்சிங் எல்லாம் சேர்த்து 7,000-க்குள் முடிந்தது. மற்ற இரண்டுக்கும் சீட்டுப் பணம் வரும்போது பார்த்துக்கொள்வோம். சீட் கவரும் பாட்டுப் பெட்டியும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும் சகோதரிகளே. மொட்டை டயர் மழை வரை கூடக் காத்திருக்காது.