பிளக் ஏன் சுடுகிறது?

இஸ்திரிக்கைப்பெட்டி சுடுவது நமக்குத் தேவை. அதன் பிளக் சுடுவது? கை வைத்துப் பார்த்துவிட்டு, "நெடுநேரம் போட்டதாலாக்கும்" என்று இருந்துவிடுகிறோம். வயர் வேலை ஆண்களின் பாடம் என்ற எண்ணம் வேறு. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு அந்த எண்ணம் உதவாது. விடயமும் அவ்வளவு கடினமானதல்ல.

கிணற்றடியில் உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் அழுத்தம் போன்றது வோல்ற்றளவு. குழாயில் ஓடும் நீர் போன்றது மின்னோட்டம். அதை அம்பியரில் அளப்பார்கள். குழாய் ஒடுங்கினால் நீர் குறையும். அந்த ஒடுக்கம்தான் தடை, அதன் அலகு ஓம். வோல்ற்றைத் தடையால் பிரித்தால் ஓட்டம் கிடைக்கும். இந்த விதியை 1827இல் நூலாக வெளியிட்ட யோர்ஜ் சைமன் ஓம் ஜேர்மனியில் ஒரு பாடசாலை ஆசிரியர். பூட்டுத் தொழிலாளியின் மகன்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. 2000 வாற்று மின்கேத்திலின் தடை ஏறக்குறைய 26 ஓம். ஆகவே அதனூடாக 9 அம்பியர் வரை ஓடுகிறது. 1000 வாற்று இஸ்திரிக்கைப்பெட்டி என்றால் அதில் பாதி.

பிளக்கினுள் வயரைப் பிடிக்கும் ஆணி தளர்ந்து, கம்பி கறுத்துவிட்டது என்று வைப்போம். அந்த மூட்டில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே, கேத்தில் கொதிக்கும்போது அங்கு 36 வாற்று அளவில் வெப்பம் பிறக்கும். வானொலி திருத்துபவர் ஈயம் உருக்கும் கோலின் வலு ஏறக்குறைய இவ்வளவுதான். அது விரல்நுனியளவு இடத்தில், பிளாஸ்ரிக்கின் நடுவே! சூட்டில் கம்பி மேலும் கறுக்கும், தடை இன்னும் கூடும். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இஸ்திரிக்கைப்பெட்டிக்கு இளஞ்சூடாயிருந்த அதே பிளக் கேத்திலுக்கு உருகுவது இதனால்தான்.

"ரிப் சுவிச் இருக்குத்தானே" என்பார்கள். ரிப் சுவிச் பார்ப்பது, போன மின் முழுதும் திரும்பி வருகிறதா என்பதை. தளர்ந்த மூட்டில் மின் எங்கும் கசிவதில்லை. அதனால் அது விழாது. அளவுக்கு மிஞ்சிய ஓட்டமும் இல்லை; பியூசும் எரியாது. இங்கே காவல் உங்கள் மூக்கும் கையும்தான். கருகல் மணம், பழுப்பேறிய பிளக், கேத்திலைப் போட்டதும் மங்கும் விளக்கு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு மெல்லிய வயர் இழுத்திருந்தாலும் இதே கதைதான். வயரின் நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். கம்பியின் விட்டம் பாதியானால் தடை நான்கு மடங்காகும். அந்த வயரில் விளக்கு எரியலாம், கேத்தில் வேண்டாம்.

ரிப் சுவிச் வேறோர் ஆபத்துக்கானது. நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் பிரித்துப் பாருங்கள்: 230 மில்லி அம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளம். 30 மில்லி அம்பியர் எனக் குறித்த ரிப் சுவிச் அதற்கு முன்பே விழ வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மின் வேலை தெரிந்தவரை அழையுங்கள். பிளக் சுடுவதையும் அவரிடமே சொல்லுங்கள். எந்தச் சாமானைப் போடும்போது சுடுகிறது என்பதையும் சேர்த்து.