இறால் தொட்டியில் பாசி: ஒழிப்பதா, அடக்குவதா?



ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி. எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் கதவைத் திறந்தேன். சன்னலோரம் வைத்திருந்த இறால் தொட்டியில், வெள்ளிக்கிழமை இலேசாகப் பச்சையாக இருந்த நீர் இப்போது பண்டான் சாறுபோல் ஆகியிருந்தது. பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. பன்னிரண்டு இறால்களில் ஏழு, மணலின்மேல் செத்துக் கிடந்தன.

தவறு என்னுடையதுதான். வார இறுதிக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமையே தீனி போடச் சொன்னது நான். அறையைப் பூட்டும்போது எல்லாச் சுவிட்சுகளையும் அடைத்ததும் நான். அவற்றுள் காற்றுப் பம்பின் சுவிட்சும் ஒன்று.

அன்று படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், பாசி ஒளிச்சேர்க்கை செஞ்சு ஆக்சிஜன் கொடுக்கும்னுதானே படிச்சோம்? தொட்டி முழுக்கப் பாசி இருந்தும் இறால் ஏன் செத்துச்சு?"

நல்ல கேள்வி. அதற்கான விடையில்தான் பாசியை அடக்கும் வழியும் இருக்கிறது.

உவர்நீர் என்பது என்ன?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் உள்ளது உவர்நீர். நம் பாகான் செராயிலிருந்து கோலா குராவ் பக்கம் போனால் ஆற்று முகத்துவாரத்தில் அதைப் பார்க்கலாம். பொதுவாகக் கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு இருக்கும். எங்கள் தொட்டியில் 20 லிட்டர் நீர். லிட்டருக்கு 15 கிராம் உப்பு. சதுப்பு ஓடைகளில் வாழும் சிறிய கண்ணாடி இறால்களுக்கு இது ஏற்றது. சமையல் உப்பு இதற்கு உதவாது. இறால் தோலுரித்துப் புதிய ஓடு வளர்க்கக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். எனவே மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையையே பயன்படுத்துகிறோம்.

ஒரு கிராம் தீனியின் கணக்கு

பாசிக்கு வேண்டியவை ஒளி, கார்பன் டைஆக்சைடு, நைட்ரஜன், பாஸ்பரஸ். எங்கள் தொட்டிக்குச் சன்னல் வெயில் இலவசமாகக் கிடைத்தது. நைட்ரஜனும் பாஸ்பரசும் எங்கிருந்து வந்தன? தீனியிலிருந்துதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, 1 கிராம் தீனியில் 0.4 × 0.16 = 0.064 கிராம், அதாவது 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதை 20 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். இறால் அதில் ஒரு பகுதியைத்தான் தன் உடலாக மாற்றும். மீதி கழிவாகவும் அழுகிய தீனியாகவும் நீரில் சேரும். நாள்தோறும் ஒரு கிராம் போட்டால் ஒரு மாதத்தில் எவ்வளவு சேரும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட், கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் அணுக்களின் விகிதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டார்: கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1. கார்பன் காற்றிலிருந்து தாராளமாக வந்துவிடும். ஆகவே சிறிதளவு நைட்ரஜனும் அதைவிடச் சிறிதளவு பாஸ்பரசும் கிடைத்தாலே நிறையப் பாசி வளர்ந்துவிடும்.

பகலில் கொடுக்கும், இரவில் வாங்கும்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். பாசி ஒளி உள்ளபோது மட்டுமே ஒளிச்சேர்க்கை செய்யும். ஆனால் சுவாசம் இரவு பகல் பாராமல் நடக்கும். சூரியன் மறைந்ததும் பாசி ஆக்சிஜனைக் கொடுப்பதை நிறுத்தி, இறாலோடு போட்டி போட்டு அதை உறிஞ்சத் தொடங்கும். அழுகும் தீனியை உண்ணும் பாக்டீரியாவும் அதையே செய்யும். இரவு முழுவதும் குறைந்துகொண்டே வரும் ஆக்சிஜன், விடியற்காலையில் மிகக் கீழே போய்விடும். நான் கதவைத் திறந்தது அந்த நேரம்தான்.

நம் நாட்டு வெப்பமும் இதற்குத் துணை. 28 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். உப்பு சேர்ந்தால் அது இன்னும் குறையும். காற்றுப் பம்பும் நின்றுபோனால் இறாலுக்கு என்ன மிஞ்சும்?

பகலில் வேறோர் ஆபத்து உண்டு. பாசி கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் பி.எச். மதிப்பு உயரும். கழிவிலிருந்து வரும் அமோனியா, பி.எச். 7-இல் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் அயனியாக இருக்கும். நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பி.எச். 9-ஐத் தொட்டால், இந்த வெப்பத்தில் நச்சு வடிவம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும்.

மருந்து ஊற்றினால் என்ன?

"பாசிக்கொல்லி வாங்கி ஊற்றலாமே" என்றார்கள் சில மாணவர்கள். வேண்டாம். பல பாசிக்கொல்லிகளில் இருப்பது தாமிரம். மயில்துத்தம் என்று நாம் அழைக்கும் தாமிர சல்பேட்டும் அப்படிப்பட்டதே. இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் என்னும் புரதத்தில் தாமிரம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீரில் தாமிரம் சற்றுக் கூடினாலும் இறாலுக்கு அது நஞ்சு.

தாமிரம் இல்லாத மருந்தானாலும் சிக்கல் தீராது. பாசி ஒரே நாளில் செத்தால் அது நீரிலேயே அழுகும், ஆக்சிஜனை உறிஞ்சும், உள்ளிருந்த நைட்ரஜனை அமோனியாவாகத் திருப்பிக் கொடுக்கும். பாசி போனாலும் அதன் சத்து தொட்டியைவிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் அதே சத்தில் புதிய பாசி முளைக்கும்.

பினாங்கில் கிடைத்த பாடம்

அப்படியானால் பாசியே இல்லாத தொட்டிதான் நல்ல தொட்டியா? நமக்குப் பக்கத்தில் பினாங்கில் தொடங்கிய ஒரு வரலாறு இதற்கு விடை தரும்.

தெலுக் இந்தான் பக்கம் புகழ்பெற்ற ஊடாங் காலா இறாலை உங்களுக்குத் தெரியும். வளர்ந்த இறால் ஆற்றில் வாழும். ஆனால் அதன் குஞ்சுகளை நன்னீரில் வளர்க்க முயன்றபோதெல்லாம் அவை இறந்தன. 1961-இல் பினாங்கு குளுகோரில் இருந்த கடல் மீன்வள ஆய்வு நிலையத்தில் ஷாவ்-வென் லிங் என்னும் அறிஞர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: குஞ்சுகள் உயிர்வாழ உவர்நீர் வேண்டும். இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் ஊடாங் காலா வளர்ப்புக்கு அதுவே அடித்தளம்.

பின்னர் 1965-இல் மலேசியாவிலிருந்து தாய் இறால்கள் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே தக்குஜி ஃபுஜிமுரா குழுவினர் குஞ்சுகளைப் பெருமளவில் வளர்த்தது "பச்சை நீர்" முறையில். குளோரெல்லா போன்ற நுண்பாசியை வேண்டுமென்றே தொட்டியில் வளர்த்தார்கள். அமோனியாவை உறிஞ்சி நீரைக் காப்பது அதன் வேலை. ஆக, அளவோடு இருக்கும் பாசி இறாலுக்குக் காவல். அளவு மீறினால் ஆபத்து.

நாங்கள் செய்தவை

அன்று காலை முதல் வேலையாகப் பம்பைப் போட்டோம். அதே உப்பளவில் நீர் கலக்கிக் கால் பங்கு நீரை மாற்றினோம். பிறகு இவற்றைப் பழக்கமாக்கினோம்:

1. ஒளி: தொட்டியைச் சன்னலிலிருந்து நகர்த்தினோம். விளக்கு நாளைக்கு 6 மணி நேரம் மட்டும். அணைக்க ஒரு டைமர்.

2. தீனி: நாளைக்கு ஒரு வேளை, சிட்டிகையளவு. இரண்டு மணி நேரத்தில் தின்னாததைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவோம். சனி, ஞாயிறு தீனியே இல்லை. நலமான இறால் இரண்டு நாளில் பட்டினியால் சாகாது. கண்ணாடியில் படிந்த பாசியை மேயும்.

3. சுரண்டி வெளியேற்றல்: பழைய பிளாஸ்டிக் அட்டையால் முன்பக்கப் பாசியைச் சுரண்டி, உடனே குழாய் வைத்து வெளியே இழுத்துவிடுவோம். பின்பக்கத்தை இறாலுக்கு விட்டுவைப்போம்.

4. நீர் மாற்றம்: வாரம் 4 லிட்டர். அதற்கு 4 × 15 = 60 கிராம் உப்பு. குளோரின் நீக்கிய நீரையே ஊற்ற வேண்டும்.

5. ஆவியான நீர்: ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

6. துணையாள்: பாக்காவ் மரங்களில் ஒட்டியிருக்கும் சிப்புட் திம்பா நத்தைகள் இரண்டு. கண்ணாடிப் பாசியை நன்றாக மேயும். மேலேறி வெளியே வந்துவிடும் என்பதால் மூடி அவசியம்.

7. பம்பின் சுவிட்சின்மேல் "அடைக்காதீர்" என்று ஒரு தாள்.

ஐந்து வாரத்தில் பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. மீந்த ஐந்து இறால்களும் பிழைத்துக்கொண்டன.

தொட்டிக்கு வெளியே

நம் கிரியான் மாவட்டம் நெல் வயல்களின் மாவட்டம். 1906-இல் முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் இன்றும் அவற்றுக்கு நீர் தருகிறது. வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி, மழை நீரோடு கால்வாயில் இறங்கும். தேங்கிய கால்வாய் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். பாடநூல் அதை "இயூட்ரோஃபிகாசி" என்கிறது. காரணம் அதே கணக்குத்தான்: உள்ளே போகும் சத்து அதிகம், வெளியேறுவது குறைவு.

கால்வாய் நீர் கடலைச் சேரும் வழியில், கோலா கூலா பக்கத்துச் சதுப்புநிலக் காடுகள் அந்தச் சத்தில் ஒரு பகுதியை வேராலும் சேற்றாலும் பிடித்துவைக்கின்றன. எங்கள் தொட்டியில் குழாயும் அட்டையும் செய்யும் வேலையை அங்கே காடு செய்கிறது. அந்தக் காட்டை வெட்டிவிட்டால் வேறு எதை வைத்து அவ்வளவு நீரைச் சுரண்டுவோம்?

செய்து பாருங்கள்

மூன்று தெளிவான போத்தல்களில் ஒரே அளவு கால்வாய் நீரை ஊற்றுங்கள். அ: வெளிச்சம், தீனி இல்லை. ஆ: வெளிச்சம், ஒரு சிட்டிகை தீனி. இ: இருட்டு அலமாரி, ஒரு சிட்டிகை தீனி. மூடியைத் தளர்வாக வையுங்கள். இரண்டு வாரம் நிறத்தைக் குறித்துவாருங்கள். நீரைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அ-வையும் ஆ-வையும் ஒப்பிடும்போது தற்சார்பு மாறி எது? ஆ-வையும் இ-யையும் ஒப்பிடும்போது எது? அ-வையும் இ-யையும் மட்டும் ஒப்பிட்டு ஏன் முடிவு சொல்ல முடியாது? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.