நாட்டு மருந்துக்கு ஒரு கணினிப் பேரேடு

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு தாண்டியும் வியாபாரம் குறையாமல் நடக்கிறது டப்பா செட்டி கடை. தீபாவளி லேகியத்துக்கும் பிரசவ மருந்துக்கும் நகரின் நாலாபுறத்திலிருந்தும் ஆள் வருவார்கள். எந்தச் சரக்கை எதனோடு, எவ்வளவு சேர்ப்பது என்பது இதுபோன்ற கடைகளில் இருப்பவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சரக்குக்குள் இருக்கும் வேதிப்பொருள்கள் எவை, உடம்பில் எந்தப் புரதத்தைப் போய்ப் பிடிக்கும் என்று கேட்டால்தான் சிக்கல். அதற்குத் தரமணி வரை போக வேண்டும்.

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தைப் பழைய ஆட்கள் 'மேட்ஸயன்ஸ்' என்பார்கள். அதன் வேரும் மயிலாப்பூரில்தான். லஸ் பகுதியில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் கருத்தரங்குகளே வளர்ந்து 1962 ஜனவரியில் நிறுவனமாக உருவெடுத்தன. சமன்பாடுகளே ஆட்சி செய்யும் அந்த இடத்திலிருந்து, அரிஜித் சாமல் தலைமையிலான கணினி உயிரியல் குழு 2018இல் 'இம்பாட்' என்ற மூலிகைத் தரவுத்தளத்தை வெளியிட்டது. அப்போது 1,742 மூலிகைகள், 9,596 தாவர வேதிப்பொருள்கள். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள், 1,095 மருத்துவப் பயன்கள்.

இருபது கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைச் செயற்கை நுண்ணறிவு நிரலான 'ஆல்ஃபாஃபோல்ட்' கணித்துக் குவித்திருக்கும் காலத்தில், இது பார்வைக்குச் சின்னத் தொகைதான். ஆனால் மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரம் தரவைத் தானே கொட்டிவிடுகிறது. மூலிகைத் தரவு அப்படி வருவதில்லை. அச்சில் அருகிப்போன மருந்துநூல்களிலும், ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்ததை மனிதர்கள் உட்கார்ந்து படித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

படித்தால் மட்டும் போதாது. கரிசலாங்கண்ணி என்று எழுதியிருந்தால் அது வெள்ளையா, மஞ்சளா? பெயர் ஒன்று, தாவரவியலில் இரண்டும் வேறு வேறு செடிகள். நிலவேம்பையே சிரியாநங்கை என்கிறவர்கள் உண்டு. தாவரவியல் பெயரை நம்பலாம் என்றால் அதுவும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வேதிப்பொருள்களின் கதை இதைவிட மோசம்: ஒரே மூலக்கூறு மூன்று கட்டுரைகளில் மூன்று பெயரில் வரும். அதே அணுக்கள், அதே பிணைப்புகள், ஆனால் முப்பரிமாண வெளியில் அவை திரும்பியிருக்கும் திசை மட்டும் வேறு என்றால் அது வேறு பொருள். இத்தனையையும் சலித்து, ஒன்றுக்கு ஓர் அடையாளம் என்று நிறுத்துவதுதான் உயிரித் தகவலியலின் பாதி உழைப்பு. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் பதிப்பு இலை, வேர், பட்டை என்று உறுப்புவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. சென்னையில் காம்பவுண்டுச் சுவர் ஓரமெல்லாம் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட செடி. அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் போன கனடா ஆய்வாளர்கள் 1958இல் அதிலிருந்து பிரித்தெடுத்ததோ வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உட்பட உலகெங்கும் தரப்படுகிறது. இந்த இரண்டுக்கும் இலையைத் தேட வேண்டும். ரத்தக் குழாயைத் தளர்த்தும் அஜ்மலிசினுக்கு வேர்.

பேரேடு எழுதியாயிற்று, பயன்? கொரோனா பரவிய 2020இல் இதே குழு 14,011 தாவர வேதிப்பொருள்களைக் கணினியில் சோதித்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைய மனித உடம்பின் இரண்டு நொதிகள் உதவுகின்றன. அவற்றின் குழிவுகளில் எந்த மூலக்கூறு இறுகப் பொருந்தும் என்று பார்க்கும் 'டாக்கிங்' முறை அது. ஒரு நொதிக்கு 96, மற்றொன்றுக்கு 9 மூலக்கூறுகள் தேறின.

முதல் நொதியின் வடிவம் அன்றைக்குச் சோதனைச்சாலையில் கண்டறியப்படவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் உறவுப் புரதங்களைப் பார்த்துக் கணினியே ஒரு மாதிரியைக் கட்டும். அந்த மாதிரிகள் ஒழுங்கா என்று சோதிக்க உலகம் முழுவதும் கையாளும் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று அது சொல்கிறது.

கணினியில் பொருந்தியதெல்லாம் மருந்தாகிவிடாது. 2012 டெங்கு பரவலின்போது தமிழக அரசு விநியோகித்த நிலவேம்புக் குடிநீரில் சரக்கு ஒன்பது. கொதித்த பிறகு அதில் கலந்திருக்கும் மூலக்கூறுகள் எத்தனையோ. டாக்கிங்கோ ஒரு மூலக்கூறை ஒரு புரதத்தோடு மட்டும் வைத்துப் பார்க்கிறது. மருந்தாகத் தேறுமா என்று மூலக்கூறுகளை வடிகட்டும் சல்லடைகளுக்கும் வரம்பு உண்டு. மூலக்கூறு எடை 500ஐத் தாண்டக் கூடாது என்பது, வாய்வழி மருந்துகளை மனதில் வைத்து வேதியியலாளர் லிப்பின்ஸ்கி 1997இல் வகுத்த விதிகளில் ஒன்று. ஊசி வழி ஏற்றப்படும் வின்கிரிஸ்டினின் எடை 825. அந்த விதியை மட்டும் நம்பியிருந்தால் நித்தியகல்யாணி முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

இவ்வகையான பல சல்லடைகளைத் தாண்டி 'இம்பாட்'டில் மருந்துத் தன்மை உள்ளவையாக நிற்பவை 1,335. அவற்றில் பெரும்பாலானவை இன்று அங்கீகாரம் பெற்றிருக்கும் எந்த மருந்தின் சாயலிலும் இல்லை என்பதே ஆய்வாளர்களுக்கு ஆசை காட்டும் செய்தி. இனி செல், எலி, மனிதர் என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். அதற்குக் காலமும் பணமும் வேண்டும். மூலக்கூறுகளின் முப்பரிமாணக் கோப்புகள் தளத்திலேயே இருக்கின்றன. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்று இரவே பதிவிறக்கி, தன் மடிக்கணினியில் அடுத்த டாக்கிங்கைத் தொடங்கலாம்.