ஓர் இசைத்தட்டைக் கேட்கும் முறை

முலுண்டில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பழைய கட்டிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு, உயர்ந்த அடுக்கு மாளிகைகளாக எழும்பி வருகின்றன. இடிக்குமுன் வீட்டைக் காலி செய்கிறவர்கள் முதலில் எதைக் கழிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பித்தளைப் பாத்திரங்களையல்ல, அவை புது வீட்டுக்குப் போய்விடும். இசைத்தட்டுகளைத்தான். சென்ற ஆண்டு எதிர்வீட்டு அண்ணாச்சி முப்பது நாற்பது தட்டுகளைக் கயிற்றால் கட்டி ரத்திவாலாவின் தராசில் ஏற்றிவிட்டார். அட்டை உறையோடு நான்கைந்து தட்டுகள் சேர்ந்தால் ஒரு கிலோ. நான் ஓடிப்போய், "என்ன அண்ணாச்சி, இதைப் போய்க் கொடுக்கிறீர்களே!" என்றேன். "பெட்டி ஓடினாலும் கரகரங்குது தம்பி. தட்டெல்லாம் கெட்டுப் போச்சு. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.

எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்?". அந்தக் கரகரப்பு தட்டின் குற்றமா, பெட்டியின் குற்றமா, அல்லது கேட்கிறவன் குற்றமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1976-இல் "அன்னக்கிளி" வெளிவந்தது. அதன் பின் பத்து ஆண்டுகள் இளையராஜா இடைவிடாது திரைப்படங்களுக்கு இசையமைத்தார். திரைப்படத்துக்கு வெளியே அவர் தந்த முதல் இசைத்தொகுப்பு, 1986-இல் வந்த இத்தட்டு. இதில் கதாநாயகன் இல்லை. பாடல் வரியும் இல்லை. தியாகையருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் இதனைக் காணிக்கையாக்கியிருக்கிறார். வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் இதில் தலைமை தாங்கிச் செல்கிறது. அதனுடன் தந்திக்கருவிகளின் கூட்டமும், மேல்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் ஒலிக்கும் பேஸ் கிதாரும் வந்து சேர்கின்றன.

நம் விடுதியில் எழுபதுகளின் மெல்லிய ராக் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கும் நண்பர்கள் சிலர் உண்டு. முதல் தொகுப்பு என்பது எவ்வளவு சங்கடமான பிறவி என்று அவர்களுக்குத் தெரியும். கார்ப்பென்டர்ஸ் என்னும் அண்ணன் தங்கையர் 1969-இல் "ஆஃபரிங்" என்ற பெயரில் தங்கள் முதல் தட்டை வெளியிட்டார்கள், விலை போகவில்லை. அடுத்த தட்டு புகழ் பெற்றதும், அந்தப் பழைய சரக்குக்கே "டிக்கெட் டு ரைட்" என்று புதுப் பெயரும் புது உறையும் கொடுத்து 1970-இல் மீண்டும் விற்றார்கள். இளையராஜாவோ, பெயர் வைக்கும் தொல்லையையே பெயராக வைத்துவிட்டார்! இதற்கு என்னவென்று பெயரிடுவது? கர்நாடக இசை என்றால் சபாக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். மேல்நாட்டுச் செவ்வியல் இசை என்றால் அந்நாட்டார் ஒப்பமாட்டார்கள்.

இனி தட்டின் அமைப்புக்கு வருவோம். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னிருந்தவை நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் இசை அடங்காது. எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ முறைதான் சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒரு பக்கத்தில் 20 நிமிஷம் இசை இருக்குமானால், ஊசி ஏறத்தாழ 667 சுற்றுகள் சுற்றி, 400 மீட்டருக்கு மேற்பட்ட ஒரே பள்ளத்தில் நடந்து முடிக்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் கீழ் இத்தட்டை வைத்துப் பார்த்தேன். பள்ளத்தின் வாய் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். மலைப்பாதைபோல் அது வளைந்து நெளிந்து செல்கிறது. தாழ்ந்த சுரங்களுக்கு நீண்ட வளைவு. உயர்ந்த சுரங்களுக்கு நெருங்கிய நடுக்கம். பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள். உட்சுவரின் அசைவு இடப்பக்க ஒலிபெருக்கிக்கும், வெளிச்சுவரின் அசைவு வலப்பக்க ஒலிபெருக்கிக்கும் போகிறது. ஒரே ஊசி ஒரே சமயத்தில் இரண்டு செய்திகளையும் படித்துச் சொல்லும் இந்த உபாயத்துக்கு ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1931-இலேயே காப்புரிமை கேட்டுவிட்டார். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததோ 1950-களின் கடைசியில்தான்.

இங்கே நான் செய்த மடத்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள், தட்டோடு சேர்த்து அண்ணாச்சியின் பழைய பெட்டியையும் வாங்கி வந்து ஓட்டினேன். மங்கலான ஒலி, மேலே ஒரே இரைச்சல். அண்ணாச்சி சொன்னது சரிதான் என்று எண்ணி இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்தேன். பிறகுதான் ஊசியைக் கவனித்தேன். அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் ஊசியைப் புரட்டிப் போடலாம். ஒரு புறம் எல்.பி.க்கு, மறுபுறம் 78-க்கு. எல்.பி. ஊசியின் முனையைவிட 78 ஊசியின் முனை மூன்று மடங்கு பருமனானது. அண்ணாச்சியின் பெட்டியில் எத்தனை ஆண்டுகளாகவோ 78-இன் புறமே கீழே இருந்திருக்கிறது! பருத்த முனை பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. நான் ஓட்டிய இரண்டு மூன்று முறையும் அந்த விளிம்பைச் சிதைத்ததுதான் மிச்சம். அதன் தழும்பை நுண்ணோக்கியில் என் கண்ணாலேயே பார்த்தேன். நல்லவேளை, விளிம்பு கெட்டாலும் உள்ளே சுவர்கள் பெரும்பாலும் கெடவில்லை.

இரண்டாவது குழப்பம் இன்னும் பொதுவானது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களை வேண்டுமென்றே அடக்கியும், உயர்ந்த சுரங்களை மிகைப்படுத்தியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த சுரத்தை முழு வலிமையோடு வெட்டினால் வளைவு பெரிதாகிப் பக்கத்துப் பள்ளத்தில் மோதிவிடும். உயர்ந்த சுரத்தை மிகைப்படுத்தாவிட்டால் அது தட்டின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் இதற்கொரு பொது அளவை வகுத்தது. கேட்கும்போது இதற்கு நேர் எதிராகத் திருத்த வேண்டும். காந்தத் தலையுள்ள பெட்டியாயின் அத்திருத்தத்தைச் செய்வது "போனோ" என்று குறியிட்ட இணைப்பு. அதை விட்டுவிட்டு வேறு துளையில் செருகினால் அடித்தளமே இல்லாத கீச்சொலிதான் வரும். இப்படிச் செருகிப் பார்த்துவிட்டுத் தட்டைப் பழித்தவர்கள் நம் நண்பர்களிலேயே இருவர் உண்டு.

சரியான ஊசியை, இரண்டு கிராமுக்கு மிகாத பாரத்தில் அமைத்து, ஒருநாள் இரவு கேட்டேன். அதே தட்டுதானா என்று ஐயுற்றேன்.

"மேட் மாட் மூட் ஃபியூக்" என்னும் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூக் என்பது துரத்தல். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்குகிறது, அது பாதி வழி போகுமுன் இரண்டாம் குரல் அதே மெட்டை வேறு சுருதியில் தொடங்கித் துரத்துகிறது, பின்னால் மூன்றாவது. நம் வீட்டுப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவதுபோல என்று சொன்னால் இசை வல்லுநர்கள் கோபிக்கலாம். எனக்கு அப்படித்தான் பட்டது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இக்குரல்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எவர் எங்கே ஓடுகிறார் என்பது தெரிகிறது. முதல் முறை பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை வயலினை. இரண்டையும் ஒருசேரப் பின்தொடர்வது எனக்கு ஐந்தாம் முறைதான் கைகூடிற்று.

"ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்" என்னும் உருப்படி இன்னும் வேடிக்கையானது. தனி வயலினுக்காக பாஹ் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி அதில் ஓடுகிறது. அதன் மேல் நம் நாட்டு வயலின் கமகத்தோடு பேசுகிறது. 1750-இல் மறைந்தவரை, 1767-இல் பிறந்த தியாகையரின் ஊர்ப்பாணியில் வரவேற்பது எப்படியிருக்கும்! இரண்டும் கலந்து குழம்பிப் போகவில்லை என்பதுதான் வியப்பு. விருந்தாளி தம் நடையில் பேசுகிறார்; வீட்டுக்காரர் தம் நடையில் பேசுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் விளங்குகின்றன. இத்தட்டு முழுவதும் இப்படியே வெற்றி பெற்றிருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் தாள எந்திரத்தின் ஓசை எண்பதுகளோடு நின்றுபோய்விட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் வயலின் ஒலிக்கும் இடங்களில் குறை சொல்ல வாய் வரவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள் ஓரத்தில் சுற்று சிறிதாகிவிடுவதால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். அதே சுரம் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி உருப்படியிலும் வயலினின் மினுமினுப்பு சற்று மங்கும். அது தட்டு கெட்டதன் அடையாளமன்று, வட்டத்தின் கணக்கு. முனை மெலிந்த நீள்வட்ட வைர ஊசி போட்டால் ஓரளவு சீர்படும்.

பாலு மகேந்திரா தமது "வீடு" படத்துக்கு, 1988-இல், இத்தட்டின் இசையையே பின்னணியாகக் கொண்டார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சொந்த வீடு கட்டப் படும் பாடு அந்தக் கதை. முலுண்டில் வீடு இடிபடும் ஓசைக்கு நடுவே அந்த இசையைக் கேட்கும்போது எனக்கு அப்படம்தான் நினைவுக்கு வருகிறது.

தட்டுகளை வைத்திருப்போர்க்குச் சில வார்த்தைகள். நூல்களைப்போல் நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். ஜன்னல் வெயில் ஆகாது. மழைக்காலத்தில் நம் ஊரில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். உங்கள் தாத்தா காலத்து 78 தட்டாயின் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ "கெட்டுப் போன" தட்டுகள் இருந்தால், ரத்திவாலா வருவதற்கு முன் சங்க அறையில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வுதான். ஊசியை நானே கொண்டு வருகிறேன்.