ஒரு சர்வர், அறுபது பேர்: ரேம் யாருக்கு?

லேப் சர்வர்ல அறுபது பேர் லாகின் பண்ணியிருக்கீங்க, ரேம் 16 ஜிபி. திடீர்னு எல்லா டெர்மினலும் உறைஞ்சு போகுது. சிபியுவைப் பார்த்தா சும்மா இருக்கு! என்னதான் நடக்குது?

மொத்த மெமரியும் தனக்கேன்னு ஒவ்வொரு புராசஸும் நினைச்சுக்கும். நிஜத்தில் கெர்னல் மெமரியை 4 கேபி பக்கங்களாக வெட்டி, தேவையானதை ரேமிலும் மற்றதை டிஸ்கிலும் வைக்கிறது. பழைய வித்தைதான். 1962-ல் மான்செஸ்டரின் அட்லஸ் கம்ப்யூட்டரில் கோர் மெமரி 16,384 சொற்கள், டிரம் 98,304 சொற்கள். புரோகிராமருக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே மெமரியாகத் தெரிந்தது.

சிக்கல், ரேம் நிறையும்போதுதான். ரொம்ப நேரமா யாரும் தொடாத பக்கத்தைக் கெர்னல் வெளியே தள்ளும். அது யாருடையதுன்னு பொதுவாகப் பார்க்காது. யாரோ ஒருத்தர் 20 ஜிபி அர்ரேயை லூப்பில் சுற்றவிட்டால், அவர் பக்கங்கள் எப்பவும் புதுசாகவே தெரியும். யோசிச்சுட்டு அரை நிமிஷம் சும்மா இருந்த உங்க எடிட்டர்தான் பழசு. நீங்க ஒரு கீயைத் தட்டினதும் அது டிஸ்கில் இருந்து திரும்பி வரணும். ரேமுக்குச் சுமார் 100 நானோசெகண்ட், எஸ்எஸ்டிக்கு அதைப்போல ஆயிரம் மடங்கு. வர்றதுக்கு இடம் வேணும்னு இன்னொருத்தர் பக்கம் வெளியே போகும். இதுக்குப் பேர்தான் திராஷிங்.

1968-ல் பீட்டர் டென்னிங் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு புராசஸ் சமீபத்தில் தொட்ட பக்கங்கள்தான் அதன் வொர்க்கிங் செட். எல்லாருடைய செட்டும் ரேமில் கொள்ளலைன்னா, எல்லாரையும் நெருக்காதே. சிலரை முழுசா நிறுத்தி வை. கேட்க அநியாயமா இருக்கும், ஆனா நிறுத்தி வைக்கப்பட்டவருக்கும் மொத்தத்தில் சீக்கிரம் வேலை முடிய வாய்ப்பு அதிகம்.

லினக்ஸில் பலரும் முதலில் யுலிமிட்டைத்தான் பிடிப்பாங்க. அதன் மெமரி வரம்பு ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி. பத்து புராசஸ் திறந்தால் பத்து மடங்கு கிடைக்கும். சிஜிகுரூப்தான் சரியான இடம். அங்கே யூசர் ஒருவரின் எல்லா புராசஸும் ஒரே கணக்கு. வரம்பைத் தாண்டினால் அவருடைய பக்கங்களே வெளியே போகும்; அதுவும் பத்தலைன்னா அவர் புராசஸ்தான் கொல்லப்படும்.

எவ்வளவு வரம்பு? ஆளுக்கு 256 எம்பின்னு சமமாப் பிரிச்சா, ராத்திரி தனியா உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே 256தான், மிச்சம் 15 ஜிபி தூங்கும். என்னைக் கேட்டா ஆளுக்கு 2 ஜிபி வைக்கலாம். கூட்டினா 120 ஜிபி வரும்தான், ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம்.

அடுத்த முறை உறைஞ்சா ரீபூட் பண்ண ஓடாதீங்க. விஎம்ஸ்டாட் போட்டு எஸ்ஐ, எஸ்ஓ காலம்களைப் பாருங்க. ரெண்டும் தொடர்ந்து பெருசா ஓடினா திராஷிங்தான். டாப்பில் ரேமை அதிகம் பிடிச்சிருக்கிறது யாருன்னு பார்த்து, அவரிடம் போய்ப் பேசுங்க.