எதைச் சுருக்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

ஒரு நிமிடம்கூட சும்மா இராமல் ஓடுவதுதான் நேரத்தை நன்றாகச் செலவிடுவது என்று பலரும் எண்ணுகிறோம். ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. அங்கே முதலில் ஊன்றுவது வெற்றிலைக் கொடியை அல்ல, அகத்தி விதையை. அகத்தி வளர்ந்து நிழலும் பிடிமானமும் கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் கொடி நடுவார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இலை கிள்ள இன்னும் சில மாதம் ஆகும். அவசரப்பட்டு நிழலுக்கு முன்பே நட்டால் இளங்கொடி வெயிலில் கருகிப்போகும். ஆனால் இலையைக் கிள்ளியாகிவிட்டால் பொறுமைக்கு இடமில்லை. எண்ணி, அடுக்கி, கட்டுக் கட்டி, ஈரம் காய்வதற்குள் சந்தை சேர வேண்டும். வாடிய இலையை யாரும் விலை கேட்பதில்லை. ஒரே பயிரில் ஓரிடத்தில் நிதானம், ஓரிடத்தில் வேகம். இரண்டையும் தீர்மானிப்பது நோக்கம்தான்.

நோக்கம் என்ன என்று கல்வியிடமும் கேட்டவர் கோவை ஜி.டி.நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கியவர். 1945-இல் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி உருவானபோது அதன் முதல்வரானார். நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டு போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, அவர் பதவி விலகினார். அடிப்படைப் பாடம் மனத்தில் ஊற அவகாசம் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. இரண்டாண்டு போதுமா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எதற்காக என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத ஆண்டு வீண்தான்.

“இதெல்லாம் நேரத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. கூலிக்குப் போகிறவருக்கும் பேருந்துக்கு நிற்கும் மாணவிக்கும் ஏது நேரம்?” என்று கேட்கலாம். உண்மைதான். அவர்களுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுப்பது உபதேசமாகவே முடியும். அவர்களைக் காக்க வைக்கும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை அலைய விட்டால், கரைவது மூன்று நாள் கூலி. ஓய்வையும் வீண் கணக்கில் எழுத வேண்டாம். உழைத்த உடம்புக்கு உறக்கமும் தேவையான வேலைதான். ஆகவே நாளை செய்யவிருக்கும் வேலைகளை எழுதும்போது பக்கத்திலேயே ‘எதற்காக’ என்றும் எழுதிப் பாருங்கள். பதில் கிடைக்காததை அடித்துவிடுங்கள். கிடைத்ததற்கு அது கேட்கும் காலத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.